ஆடிக் கொடைக்கு மைக்செட் பேசப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரியிலிருந்து களக்காடு போகிற ரோட்டில் ஒரு பழைய மைக்செட் கடை இருக்கிறது. மைக், பாக்ஸ், சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குத் தருகிறார்கள். கடைக்காரர் விளம்பரம் வேண்டாம் என்கிற ஆள், அதனால் பெயர் போடவில்லை. போன ஆடியில் எங்கள் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, இவர்தான் வந்தார். சத்தம் சுத்தமாக இருந்தது, ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், வாடகை மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூடுதல். மைக்செட் பற்றிக் கேட்டால் யாரும் இவ்வளவுதான் சொல்வார்கள். எனக்கு இதற்கு மேலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வாட்ஸ்அப் புரளி ஒன்றினால் எங்கள் கொடையில் வில்லுப்பாட்டே இல்லாமல் போக இருந்தது. அதைத் தடுத்து நிறுத்தியவர் இந்தக் கடைக்காரர்.

நான் கொடைக் கமிட்டியில் வரிக் கணக்கு எழுதுகிறவன். தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்து வாங்கிச் செலவழிக்கும் பணம், ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் 'கவர்மென்ட் அனுமதிக் கட்டணம்' என்று ஒரு பேச்சு வந்ததும் அது நேராக என் தலையில்தான் வந்து விழுந்தது.

ஆனி கடைசியில் ஊர்க் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. மேலே அரசு முத்திரை, கீழே சிவப்பு எழுத்து. இனிமேல் கோயில் விழாக்களில் நேரடி இசை நிகழ்ச்சி நடத்த அரசிடம் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும், இல்லையென்றால் கருவிகள் பறிமுதல் என்று இருந்தது. மறுநாள் இன்னொன்று: நலவாரிய அட்டை இல்லாத கலைஞர்கள் மேடையேறக் கூடாதாம். அதற்கப்புறம் வந்ததுதான் ரொம்ப மோசம். வில்லுப்பாட்டுக் கதையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கினால்தான் பாடலாமாம். சினிமாப் பாட்டு போட்டால் கம்பெனிக்காரர்கள் கேஸ் போடுவார்கள் என்று ஒரு குரல் பதிவும் சுற்றியது. யாருடைய குரல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், “இந்த வருசம் வில்லு வேண்டாம், ரெண்டு பாட்ட போட்டு முடிச்சிருவோம்” என்று சொல்லிவிட்டார். நாலு பேர் தலையாட்டினார்கள். அன்று ராத்திரியே வில்லுக் குழுவின் புலவர், அதாவது கதை பாடுகிற தலைமைப் பாட்டுக்காரர், எனக்குப் போன் செய்தார். “அண்ணாச்சி, ஏற்கெனவே மூணு ஊர்ல வேண்டாம்னுட்டாவ. ஆடியும் சித்திரையும்தான் எங்களுக்கு வருசத்துச் சோறு. நீங்களும் கைய விரிச்சிட்டா குடம் அடிக்கிற பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருவான்” என்றார். அட்வான்ஸை அவர் திருப்பித் தரவும் தயாராக இருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

இதற்கு நடுவில் லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று ஓர் ஆளும் வந்தார். ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறார், மூன்று நாளில் முடித்துவிடலாம் என்றார். எந்த ஆபீஸ், எந்தச் சட்டம், ரசீது உண்டா என்று கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. ரசீது கிடையாது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

அந்த நிலைமையில்தான் மைக்செட் பேசப் போனேன். வில்லு இருக்கிறதா என்று தெரியாமல் மைக் எத்தனை என்று எப்படிச் சொல்வது? அதை அவரிடமே சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், நீலக் கலர் பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை எடுத்து வந்து ஆம்ப்ளிபையர் மேல் விரித்தார். போன வருடங்களில் அவர் செட் போட்ட ஊர்களின் அனுமதிக் காகித நகல்கள், ஒலி மாசு விதிகளின் அச்சுப் பிரதி, நீதிமன்ற உத்தரவு வந்த பேப்பர் துண்டுகள் எல்லாம் அதில் இருந்தன. முக்கியமான வரிகளில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். ஓரங்களில் ஆம்ப்ளிபையர் சூட்டில் காகிதம் பழுத்திருந்தது.

அவர் எனக்குச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். பின்னால் நானும் தனியாக விசாரித்துப் பார்த்துக்கொண்டேன்.

அனுமதி என்று ஒன்று வேண்டும், அது உண்மை. ஆனால் அது பாட்டுக்கான லைசென்ஸ் இல்லை, ஒலிபெருக்கிக்கான அனுமதி. 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. நம் பக்கத்தில் அதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கிறோம். சினிமாப் பாட்டுக்கு மேடையில் ஆடுகிற ஆடல் பாடல் நிகழ்ச்சி என்றால் மனு மேலதிகாரி வரை போகும், சில நேரம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் உத்தரவு வாங்கி வருகிறார்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிற விதியைப் புதுச் சட்டம் என்று யாரோ எழுதிவிட, ஊரே பயந்துபோனது.

நலவாரிய அட்டை விஷயம் இன்னும் எளிது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிவு செய்தால் கலைஞர்களுக்கு உதவித் தொகை கிடைக்கும். அது அவர்களுக்கு வரவேண்டிய சலுகைக்கான அட்டை. அதை வைத்திருந்தால் நல்லது, எல்லாக் கலைஞரும் வாங்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் மேடையேற அது அனுமதிச் சீட்டு இல்லை.

கதையை எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குவது என்கிற புரளிக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் 1876-இல் நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்று ஒன்று போட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் நம் மாநிலமும் அதே வழியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநிலச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1876 சட்டத்தையும் மத்திய அரசு பின்னால் ரத்து செய்துவிட்டது. செத்துப்போன சட்டத்தைக் காட்டித்தான் வில்லுக்காரரை மிரட்டியிருக்கிறார்கள். சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் வாய்வழியாக வருபவை, சபையைப் பார்த்து நீளும், சுருங்கும். அதை எழுதிக் கொடு என்று கேட்பதே அந்தக் கலை தெரியாதவர் கேட்கிற கேள்வி.

அப்புறம் சினிமாப் பாட்டு. பாட்டின் உரிமைக்காரர்களுக்காகக் கட்டணம் வாங்கும் சங்கங்கள் உண்டு. அவை அரசு அலுவலகங்கள் அல்ல. ஹோட்டலிலும் டிக்கெட் வைத்து நடத்தும் கச்சேரியிலும் அவர்கள் கேட்பதற்கு நியாயம் இருக்கிறது, பாட்டை உருவாக்கியவருக்குப் பணம் போக வேண்டும். ஆனால் உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதும் வாசிப்பதும் உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. கல்யாண ஊர்வலத்தையும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். கல்யாண வீடுகளில் பணம் கேட்கிறார்கள் என்று புகார் எழுந்ததால் 2023 ஜூலையில் மத்திய அரசு இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. கொடையோடு சேர்த்து டிக்கெட் போட்டு இன்னிசைக் கச்சேரி நடத்துகிற ஊர்கள் மட்டும் இதைத் தங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அது வேறு கணக்கு.

ஜிஎஸ்டி பயமும் சிலருக்கு இருந்தது. நாட்டுப்புறக் கலையோ கர்நாடக இசையோ, கலைஞர் வாங்குகிற சம்பளம் ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் வரி இல்லை. நம் ஊர் வில்லுக் குழு எதுவும் அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை.

இத்தனையையும் அவர் அரை மணி நேரத்தில், டீ சொல்லி, பொறுமையாகச் சொன்னார். அதோடு விடவில்லை. மறுநாள் சாயங்காலம் தன் பைக்கில் எங்கள் ஊருக்கே வந்து கமிட்டி முன்னால் ஃபைலைப் பிரித்தார். வில்லு வேண்டாம் என்று சொன்ன பெரியவரிடம் போன வருட அனுமதிக் காகிதத்தைக் கொடுத்து, “மாமா, நீங்களே வாசிங்க, இதுல எங்கயாவது வில்லுக்குத் தடைன்னு போட்டிருக்கா?” என்றார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார். இரவு 10 மணிக்குள் முடிக்க வேண்டும், கூம்புக் குழாய் கட்டக் கூடாது, சாதியைத் தூண்டும் பாட்டு கூடாது, ஆபாசம் கூடாது, போக்குவரத்துக்கு இடைஞ்சல் கூடாது. அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் அவரே, “அப்ப புலவருக்குப் போனப் போடு” என்றார்.

வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காமல் ஒரு மைக்செட்காரர் இதைச் செய்தார். நான் விசாரித்த மற்ற இரண்டு கடைகளில் ஒன்றில், “அனுமதியெல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க, எங்க பொறுப்பில்ல” என்றார்கள். இன்னொன்றில், “ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன்” என்றார்கள். இரண்டாவது பதில்தான் ஆபத்தானது. ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்து ஆம்ப்ளிபையரைத் தூக்கிக்கொண்டு போனால், கொடை பாதியில் நிற்பது ஊருக்குத்தான்.

மனு எழுதவும் உதவினார். கோயில் பெயர், தேதி, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எத்தனை பாக்ஸ், எங்கே கட்டப் போகிறோம், என்னென்ன நிகழ்ச்சி, பொறுப்பாளர் பெயரும் போன் நம்பரும், கூடவே ஆதார் நகலும் கொடை நோட்டீஸும். 'கலை நிகழ்ச்சி' என்று பொதுவாக எழுதாதீர்கள், 'வில்லுப்பாட்டு', 'நையாண்டி மேளம்' என்று பெயரைச் சொல்லி எழுதுங்கள் என்றார். பொதுவாக எழுதினால் ஆடல் பாடலாக இருக்குமோ என்று நினைத்து மனுவை மேலே அனுப்பிவிடுவார்களாம். நல்ல யோசனை, எங்களுக்கு அது வேலை செய்தது. கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

இனி சத்தத்தைப் பற்றி. வில்லுக்கு மைக் வைப்பது எல்லாராலும் முடியாது. பாட்டுக்காரருக்கு ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டு மீதியைக் கோட்டைவிடுகிற செட்டுகள்தான் அதிகம். இவருடைய ஆபரேட்டர் பையன் மேடைக்கு வந்ததும் வில்லின் எதிரே உட்கார்ந்து, குடத்தை ஒருமுறை தட்டச் சொல்லிக் கேட்டான். குடத்தின் வாய்க்கு நேராக மைக்கை வைத்தால் காற்று அடித்து 'டப் டப்' என்று வெடிக்கும். அதனால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சரித்து, தரையோடு ஒட்டிய சின்ன ஸ்டாண்டில் வைத்தான். வில்லில் கட்டிய மணிகளுக்குத் தனி மைக் வேண்டாம், புலவரின் மைக்கே அதை இழுத்துக்கொள்ளும் என்றான். உடுக்கைக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று. வீசுகோல் நாணில் விழுந்ததும் மணிகள் ஒரு அலையாக ஓடி அடங்குமே, அந்தச் சத்தம் கோயிலுக்குப் பின்னால் பந்திப் பாத்திரம் கழுவுகிற இடம் வரை கேட்டது. பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவது ஒவ்வொன்றும் தனியாக விழுந்தது. பல வருடமாக எங்கள் ஊர் வில்லில் நான் கேட்காத ஒன்று அது. கதை புரிந்ததால் சின்னப் பிள்ளைகள்கூட எழுந்து போகவில்லை.

பாக்ஸ்களைத் தெருவைப் பார்த்துக் கட்டாமல் பந்தலுக்குள் திருப்பிக் கட்டினார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதியில் உள்ள அளவு. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் அதைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. அந்தப் பையன் போனில் ஓர் அளவியை வைத்துக்கொண்டு ஊர்க் கோடி வரை நடந்து பார்த்தான். போனில் காட்டுவது சரியான கருவிக் கணக்கு ஆகாதுதான். ஆனாலும் சத்தத்தைக் குறைப்பதற்காக நடந்து பார்த்த முதல் மைக்செட் ஆளை எங்கள் ஊர் அப்போதுதான் பார்த்தது. மூன்றாவது வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். அந்தப் பக்கம் இருந்த பாக்ஸைக் கேட்காமலேயே கழற்றி எடுத்துவிட்டான்.

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது எங்களுக்குக் கசந்தது, ஆனால் மறைக்காமல் சொன்னார். கொடையின் உயிரே சாமக்கொடைதான். திங்கள் ராத்திரி குடியழைப்பு, செவ்வாய் மதியம் உச்சிக் கொடை, நடுச்சாமத்தில் சாமக்கொடை. கதை முற்றுகிற இடத்தில்தான் சாமிக்கு அருள் வரும், வில்லும் மேளமும் உச்சத்துக்குப் போகும். விதியோ இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்கிறது. 2010-இல் திருத்தம் வந்தபிறகு இசைக்கருவிகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். “பத்து மணிக்கு நான் ஸ்விட்ச அணைச்சிருவேன் அண்ணாச்சி, அதுல எனக்கு வேற பேச்சில்ல” என்றார்.

அதனால் நாங்கள் நேரத்தை மாற்றினோம். பெரிய கதையை உச்சிக் கொடைக்குக் கொண்டுவந்தோம். சாயங்காலம் அடுத்த கதை, 10 மணிக்கு முன்னால் வாழி பாடி முடித்தாயிற்று. சாமக்கொடைக்கு மணியும் பெண்களின் குலவையும் மட்டும். சாமி ஆடியது, ஊருக்குத் திருப்திதான். ஆனாலும் எனக்கு அது குறையாகத்தான் பட்டது. அதே விதிகளில், விழாக் காலங்களில் வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் இரவு 10 மணியை 12 மணி வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தளர்வை ஏற்றுக்கொண்டது. ஆடி மாதத்துக் கொடைச் செவ்வாய்களுக்கு அதைக் கேட்டு ஊர்கள் எல்லாம் சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். புரளியைத் தள்ளிவிடும் நேரத்தில் அந்த மனுவில் ஒரு கையெழுத்துப் போட்டால் வில்லுக்காரருக்கும் கணியான் கூத்துக்காரருக்கும் உண்மையான உதவி. கணியான் கூத்தில் அடிக்கிற மகுடம் என்கிற தோல்கருவியைத் தீயில் காட்டி முறுக்கேற்றி வைத்துவிட்டு, அடிக்க நேரமில்லாமல் அந்தக் கலைஞர்கள் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்து ஊர்ச் சுடலை கோயிலில் பார்த்தேன். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சீரியல் லைட் பழசு, அம்மன் உருவத்தில் வலது கை எரியவே இல்லை. சொல்லியும் மாற்றவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது மேடைக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள், அரை மணி நேரம் கழித்துத்தான் தள்ளினார்கள். காலையில் பக்திப் பாட்டு போடுகிற பையன் ஒரே ஐந்தாறு பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டான். வாடகை, எங்களுக்கு இரண்டு நாளுக்கு 18,000 ரூபாய் ஆனது, ஜெனரேட்டர் டீசல் தனி. இதைவிடக் குறைவாக வருகிற கடைகள் உண்டு. இன்னிசைக் கச்சேரி, பெரிய எல்இடி திரை எல்லாம் வேண்டும் என்றால் இவரிடம் அந்தச் சாமான் இல்லை, வள்ளியூர் பக்கமோ திருநெல்வேலியோதான் போக வேண்டும். வில்லு, கணியான், நையாண்டி, பக்திப் பேச்சு இவற்றுக்கு இவரைத் தாண்டி யோசிக்க வேண்டாம்.

குரூப்பில் இந்த மாதிரிச் செய்தி இனியும் வரும். வந்தால் முதலில் அரசாணை எண், துறையின் பெயர், தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் என்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் வெளியிடுகிற மறுப்புகளில் தேடிப் பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் ஸ்டேஷனிலேயே நேராகக் கேட்டுவிடலாம், நாங்கள் போனபோது எழுத்தர் நல்லபடியாகவே பதில் சொன்னார். கலைஞருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்வதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம் ஒரு செவ்வாய்க்கு இரண்டு செட் மட்டும்தான், அதற்கு மேல் எடுக்க மாட்டார். ஆடிக் கொடை என்றால் வைகாசியிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். போகும்போது கோயில் நோட்டீஸும் பொறுப்பாளரின் ஆதார் நகலும் கையோடு கொண்டுபோனால் மனுவை அங்கேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடை பூட்டியிருக்கும்.